ஸெகு நாட்டு மரப் பாவைகள்

பாரிஸிலும் நியூயார்க்கிலும் உள்ள தனவந்தர்களின் மாளிகைகளிலே ஒரு விசித்திரமான அலங்காரத்தைக் காணலாம். வெண்மையான சுவர், அதன் முன்னே கறுப்பு இரும்பினாலான சிறு பீடம், பீடத்தின் மேல் நீண்ட கொம்புகளோடு கூடிய ஒரு மரத் தலை. மேலேயிருந்து சிறிய மின்சார விளக்கு ஒன்று அதன்மீது ஒளி சிந்தும். அருகில் ஒரு சீட்டு, அதில் மூன்றே சொற்கள்: "பமானா, மாலி, மரம்." விருந்துக்கு வருகிறவர்கள் தலையைச் சற்றுச் சாய்த்துப் பார்த்து, "ஆகா, எவ்வளவு ஆழ்ந்த கலை!" என்று சொல்லிவிட்டு அடுத்த அறைக்குச் சென்றுவிடுவார்கள்.

அந்தத் தலையைச் செய்தவர் யார்? எதற்காகச் செய்தார்? தலை இருக்கிறதே, உடம்பு எங்கே போயிற்று? அது பிறந்த ஊரிலிருந்து மாளிகைச் சுவருக்கு எந்த வழியாக வந்தது? இந்தக் கேள்விகளுக்கு அந்தச் சீட்டில் விடை இல்லை. விடை இருக்கும் இடம் மேற்கு ஆப்பிரிக்காவில், நைஜர் நதிக் கரையில் உள்ள ஸெகு நாடு. 2010-ம் வருஷம் நவம்பர் மாதத்தில் நாம் அங்கே பிரயாணம் செய்தோம். அங்கே கண்டதையும் கேட்டதையும் நேயர்களுக்குச் சொல்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஜோலிபா நதிக் கரையில்

மாலி தேசத்தின் தலைநகரம் பமாக்கோ. 'பமா' என்றால் முதலை; நகரத்தின் பெயருக்கு 'முதலைகளின் ஆறு' என்று பொருள் கூறுகிறார்கள். தேசத்தின் பெயரோ பழைய காலத்தில் அங்கே செழித்த ஒரு பேரரசின் பெயர். ஆனால் பமானா பாஷையில் 'மாலி' என்றால் நீர்யானை என்றும் ஓர் அர்த்தம் உண்டு. முதலையில் இறங்கி நீர்யானைக்குள் பிரயாணம் செய்கிறோம் என்று நம் வழிகாட்டியான வாலிபர் சொல்லிச் சிரித்தார்.

பமாக்கோவிலிருந்து ஸெகு நகரம் ஏறக்குறைய 240 கிலோமீட்டர். வழி நெடுகிலும் சமவெளி. கம்புக் கொல்லைகளில் அறுவடை முடிந்து தாள்கள் மட்டும் நின்றுகொண்டிருந்தன. அங்கங்கே மண் சுவர் வீடுகள் கொண்ட கிராமங்கள். மூலைக்கு மூலை கூம்பு வடிவமான கூரை வேய்ந்த குதிர்கள். ஸெகுவை நெருங்க நெருங்க 'பலன்ஸான்' என்னும் ஒருவகை வேல மரம் மிகுதியாகக் காணப்படுகிறது. இது உலகத்து மரங்களுக்கெல்லாம் நேர் விரோதமான சுபாவம் உடையது. மழை பெய்து மற்ற மரங்கள் தழைக்கும்போது இது இலைகளை உதிர்த்துவிடும். வெயிலில் பூமி வெடிக்கும்போது இது பசுமையாக நிற்கும். மழைக்காலத்தில் பயிருக்கு நிழல் கட்டாது. கோடையில் ஆடு மாடுகளுக்குத் தழையும் நிழலும் தரும். இதைவிட ஒரு குடியானவனுக்கு உற்ற தோழன் யார்? ஸெகுவின் ஜனங்கள் அதைத் தங்கள் ஊருக்கே அடையாளமாகச் சொல்லிக்கொள்வதில் ஆச்சரியம் இல்லை.

நகரத்தின் ஓரமாக நைஜர் நதி செல்கிறது. அவ்வூரார் அதனை ஜோலிபா என்று அழைக்கிறார்கள். அகலமான, அவசரமில்லாத நதி. கரையில் நீண்ட ஓடங்கள். துணி வெளுக்கும் பெண்கள். வலையை உதறும் மீனவர்கள். 1796-ம் வருஷம் ஜூலை மாதத்தில் மங்கோ பார்க் என்னும் ஸ்காத்லாந்து யாத்திரிகர் இந்த இடத்திலேதான் முதன்முதலாக அந்த நதியைக் கண்டு, அது கிழக்கு நோக்கி ஓடுகிறது என்று ஐரோப்பாவுக்குத் தெரிவித்தார். நதி எந்தத் திசையில் ஓடுகிறது என்பது கரையில் இருந்தவர்களுக்கு அதற்கு முன்பே தெரிந்திருந்தது என்பதை நாம் சொல்ல வேண்டியதில்லை.

மங்கோ பார்க் வந்தபோது ஸெகு ஒரு பெரிய ராஜ்யத்தின் தலைநகரம். 18-ம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிதோன் கூலிபாலி என்ற பமானா வீரர் அதனை நிறுவினார். தனி மனிதராக அல்ல. தம் ஊர் வாலிபர்களின் சங்கத்தைச் சேனையாக மாற்றி நிறுவினார் என்று சொல்கிறார்கள். அந்தச் சங்கத்துக்கு 'தோன்' என்று பெயர். நேயர்கள் இந்தச் சொல்லை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். ராஜ்யம் போய்விட்டது, தோன் போகவில்லை. 1861-ல் உமர் தால் என்பவரின் படை ஸெகுவைக் கைப்பற்றியது. 1890-ல் பிரெஞ்சுத் தளபதி ஆர்ஷினார் உமர் தாலின் வம்சத்தாரிடமிருந்து அதைப் பறித்தார். அதன்பின் எழுபது வருஷம் அந்நிய ஆட்சி. 1960-ம் வருஷம் செப்டம்பர் 22-ந் தேதி மாலி சுதந்திரம் அடைந்தது.

கொல்லர் வீட்டு வாசலில்

ஸெகுவில் நாம் முதலில் தேடிச் சென்றது ஒரு கொல்லரின் பட்டறை. மரச் சிற்பத்துக்கும் கொல்லருக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். பமானா ஜனங்களிடையே இரும்பு வேலையும் மரச் சிற்பமும் ஒரே குலத்தின் தொழில். அக்குலத்தாருக்கு 'நுமு' என்று பெயர். நெருப்பையும் இரும்பையும் ஆளும் சக்தி பிறவியிலேயே வாய்த்தவர்கள் என்று அவர்களிடம் மற்றவர்களுக்கு மரியாதை உண்டு. சற்றுப் பயமும் உண்டு. கொல்லர் தம் மண்வெட்டியைத் தாமே அடிக்கிறார். மரம் செதுக்கும் வாய்ச்சியையும் தாமே அடிக்கிறார். அவருடைய மனைவிமார்கள் மண்பாண்டம் வனைகிறார்கள். ஸெகுவுக்கு எதிர்க்கரையில் உள்ள கலாபுகு என்னும் கிராமம் முழுதும் இப்படிப்பட்ட குயவப் பெண்களால் பிரசித்தி பெற்றது. சூளையிலிருந்து எடுத்த பானைகளை ஓடத்தில் அடுக்கி, ஸெகுவின் திங்கட்கிழமைச் சந்தைக்குக் கொண்டு வருகிறார்கள்.

நாம் கண்ட கொல்லருக்கு அறுபது வயது இருக்கும். ஒரு புறம் துருத்தியை ஊதிக்கொண்டு ஒரு சிறுவன். மறுபுறம் மரச் சீவல்களின் நடுவே பெரியவர். நம் வழிகாட்டி முதலில் அவருடைய உடம்பு நலத்தையும், பிறகு மனைவி மக்கள் நலத்தையும், பிறகு ஆடு மாடுகளின் நலத்தையும் விசாரித்தார். பெரியவரும் அவ்வாறே விசாரித்து முடித்தார். அந்நாட்டில் இந்தக் குசலப் பிரச்னம் முடியும் வரை காரியம் பேசுவது பண்பாகாது.

"விருந்தாளியின் குலப்பெயர் என்ன?" என்று பெரியவர் கேட்டார்.

"இங்கே இருக்கும் வரை கூலிபாலி," என்றார் வழிகாட்டி.

பெரியவர் உடனே, "அப்படியானால் அவரை உட்கார வைக்காதே, தம்பி! கூலிபாலிகள் வந்தால் வீட்டில் உள்ள அவரையெல்லாம் தின்று தீர்த்துவிடுவார்கள்," என்றார். பட்டறை முழுதும் சிரிப்பு எழுந்தது. ஒரு குலத்தார் மற்றொரு குலத்தாரை இவ்விதம் பரிகாசம் செய்வது அந்நாட்டில் உரிமை. பரிகாசத்துக்கு ஆளானவர் கோபித்துக்கொள்ளக் கூடாது. புதிதாக வந்தவருக்கும் ஒரு குலப்பெயர் கொடுத்துவிடுகிறார்கள். பெயர் வந்ததும் பரிகாசமும் வருகிறது. பரிகாசம் வந்தபின் அந்நியம் ஏது?

பெரியவரின் முன்னே பாதி செதுக்கிய ஒரு மிருகத் தலை கிடந்தது. இரண்டு முழ நீளம். மரம் இலேசானது, சுமந்துகொண்டு ஆடவேண்டும் அல்லவா? கீழ்த் தாடை தனியாகச் செய்யப்பட்டிருந்தது. கயிற்றை இழுத்தால் வாய் திறந்து மூடும். கழுத்தில் வரிசையாகத் துளைகள். உடம்பின் சட்டத்தோடு கட்டுவதற்காக அவை. பழைய நாளில் தகரத் தகடுகளை ஆணியடித்து அலங்கரிப்பார்கள். இப்போது கடையில் வாங்கும் எனாமல் வர்ணம் பூசுகிறார்கள். சிவப்பும் மஞ்சளும் நீலமுமாகப் பளபளக்க வேண்டும். மங்கலாக இருந்தால் சங்கத்து வாலிபர்கள் ஏற்கமாட்டார்கள்.

"இது சுவருக்கா, ஆட்டத்துக்கா?" என்று நாம் கேட்டோம்.

பெரியவர் வாய்ச்சியைக் கீழே வைத்தார். "சுவருக்கு என்றால் இத்தனை வேலை ஏன்? சுவரில் மாட்டுகிற தலைக்கு வாய் திறக்க வேண்டாம். இது பேச வேண்டிய தலை," என்றார்.

மிருகங்கள் வெளிவருகின்றன

ஸெகுவிலிருந்து நதியின் போக்கிலே சென்றால் சற்றேறக்குறைய 35 கிலோமீட்டரில் மர்க்காலா என்னும் ஊர் இருக்கிறது. அங்கே நதிக்குக் குறுக்கே ஒரு பெரிய அணைக்கட்டு. 1934 முதல் 1947 வரை பிரெஞ்சு ஆட்சியினர் அதைக் கட்டினார்கள். அதற்காகத் தேசத்தின் பல பாகங்களிலிருந்தும் வாலிபர்களைப் பலவந்தமாகப் பிடித்துக்கொண்டு வந்து வேலை வாங்கினார்கள். பிரெஞ்சு ஆப்பிரிக்காவில் கட்டாய வேலை சட்டப்படி ஒழிந்தது 1946-ல்தான். இன்று அந்த நீரினால் நெல் விளைகிறது. கட்டியவர்களின் கதையை வயோதிகர்கள் சொல்கிறார்கள்.

இந்த மர்க்காலாவையும் சுற்றிலும் உள்ள கிராமங்களையும் பாவைக் கூத்தின் தாயகம் என்று சொல்லலாம். கூத்துக்குப் பெயர் 'ஸோகோ போ'. 'மிருகங்கள் வெளிவருகின்றன' என்பது அதன் பொருள். இக்கலை முதலில் போஸோ என்னும் மீனவ ஜனங்களுடையது என்றும், அவர்களிடமிருந்து பமானா குடியானவர்கள் கற்றுக்கொண்டார்கள் என்றும் பமானாக்களே ஒப்புக்கொள்கிறார்கள். ஒரு போஸோ மீனவனைக் காட்டுத் தேவதைகள் கொண்டு சென்று, முகமூடிகளையும் ஆட்டத்தையும் கற்பித்துத் திருப்பி அனுப்பின என்பது அவர்களுடைய ஐதிகம். பறவை வேஷம் அந்நாட்டில் மிகப் பழமையானது என்பதற்குச் சரித்திர ஆதாரமும் உண்டு. 1352-ல் மாலிப் பேரரசுக்குச் சென்ற மொராக்கோ யாத்திரிகர் இப்ன் பதூதா, சிறகுகளால் ஆன உடையும் சிவந்த அலகுள்ள மரத் தலையும் தரித்து அரசனுக்கு முன் நின்று பாடிய கவிஞர்களைக் கண்டு எழுதியிருக்கிறார்.

கூத்தை நடத்துகிறவர்கள் 'தோன்' என்னும் வாலிபர் சங்கத்தார். சங்கத்துப் பிள்ளைகள் ஒன்றாகச் சேர்ந்து ஊராரின் கொல்லைகளில் வேலை செய்கிறார்கள். அந்தக் கூலி சங்கத்தின் பொது நிதிக்குச் சேர்கிறது. அந்த நிதியிலிருந்துதான் கொல்லருக்குப் பணம், துணிக்குப் பணம், வர்ணத்துக்குப் பணம். மழை தொடங்கு முன் ஒரு முறையும், அறுவடை முடிந்தபின் ஒரு முறையும் மிருகங்கள் வெளிவரும். நாம் சென்றது அறுவடைக்குப் பின்.

மாலை வெயில் சாயும் நேரம். ஊர் நடுவே திறந்த வெளி. ஒரு பக்கம் முரசுகள். அவற்றை அடுத்துப் பெண்கள் அரை வட்டமாக நின்றார்கள். அவர்களில் ஒருத்தி முன்னே வந்து பாட்டை எடுத்தாள். மற்றவர்கள் வாங்கிப் பாடினார்கள். சிறுவர்கள் கூச்சலிட்டு ஒதுங்கினார்கள். சந்தின் மறைவிலிருந்து ஒரு வைக்கோற் குன்று ஆடி அசைந்து வந்தது. அதன் முன்புறம் ஒரு மானின் தலை. புல்லால் வேய்ந்த உடம்பு தரையோடு தரையாக வழுக்கிச் சென்றது. கால்கள் எங்கே என்று தெரியவில்லை. அது போனபின் சிறிது நேரம் ஆட்டமும் பாட்டும். பிறகு மற்றொன்று. இப்படி ஒவ்வொன்றாக வந்துகொண்டே இருந்தன: சிங்கம், முதலை, நீர்யானை, யானை, நீண்ட அலகுள்ள பறவை.

அன்று எல்லோரும் எதிர்பார்த்தது 'ஸிகி' என்னும் காட்டெருமையை. அது வந்தபோது முரசின் கதியே மாறிவிட்டது. ஒரு பார வண்டி அளவுள்ள உடம்பு. மரச் சட்டத்தின் மேல் பல வர்ணத் துணிகள் போர்த்தியிருந்தன. உள்ளே இரண்டு மூன்று பேர் இருந்திருக்க வேண்டும். ஆனால் அதைச் சொல்வது மரியாதையல்ல! உள்ளே மனிதர்கள் இருப்பது தங்களுக்குத் தெரியவே தெரியாது என்பதுபோல் பெண்கள் பாவிப்பது வழக்கம். தன் பிள்ளையின் நடையை எந்தத் தாய்தான் அறியமாட்டாள்? ஆயினும் ரகசியத்தை ரகசியமாக வைத்திருப்பதிலே ஓர் இன்பம் இருக்கிறது. ஊர் முழுதும் சேர்ந்து அந்த இன்பத்தை அனுபவித்தது.

எருமை நடுவெளியில் நின்று தலையை ஆட்டி வாயைத் திறந்தது. அப்போது அதன் முதுகிலிருந்து சின்னஞ்சிறு பாவைகள் ஒவ்வொன்றாக எழுந்தன. உரலில் கம்பு குத்தும் இரண்டு பெண்கள். உலக்கைகள் மாறி மாறி ஏறி இறங்கின. மண்வெட்டியோடு ஒரு குடியானவன். குதிரைமேல் ஒரு வீரன். தலையில் தொப்பி வைத்த ஒரு துரை! துரை எழுந்ததும் ஜனங்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். எழுபது வருஷம் ஆண்டவருக்கு இப்போது எருமையின் முதுகில் ஒரு சாண் இடம் கிடைத்திருக்கிறது.

ஒன்றை இங்கே கவனித்தோம். ஒவ்வொரு மிருகத்துக்கும் தனிப் பாட்டு, தனித் தாளம். பாட்டு எடுக்கும் ஸ்திரீ சற்றே நிறுத்தினால் எருமையும் நின்றது. அவள் குரல் உயர்ந்தால் அதுவும் துள்ளியது. சிற்பம் செய்தது ஆண். அதனுள்ளே ஆடியதும் ஆண். ஆயினும் அதற்கு உயிர் கொடுத்தது பெண்களின் குரல். மாளிகையின் மின்சார விளக்கின் கீழ் நிற்கும் தலைக்கு இல்லாதது உடம்பு மட்டுமல்ல. அந்தக் குரலும் இல்லை.

கொள்ளையும் வியாபாரமும்

இத்தகைய பொருள்கள் தேசத்தைவிட்டு வெளியேறிய வரலாறு மனத்தை வருத்துவது. 1890-ல் ஸெகு அரண்மனையின் பொக்கிஷம் பிரெஞ்சுப் படையினர் வசமாயிற்று; அதில் ஒரு பகுதி இன்றும் பிரான்ஸின் அருங்காட்சியகங்களில் இருக்கிறது. ஆயுதம் எடுத்தவர்கள் மட்டுந்தான் இப்படிச் செய்தார்கள் என்பதற்கில்லை. 1931 முதல் 1933 வரை மார்ஸெல் கிரியோல் என்ற பண்டிதரின் தலைமையில் ஒரு பிரெஞ்சு ஆராய்ச்சிக் கோஷ்டி டாக்காரிலிருந்து ஜிபூத்தி வரை ஆப்பிரிக்காவைக் குறுக்கே கடந்து ஏறக்குறைய 3,500 பொருள்களைச் சேகரித்தது. 1931 செப்டம்பர் 6-ந் தேதி கெமேனி என்னும் பமானா கிராமத்தில் 'கோனோ' என்ற ரகசிய சங்கத்தின் வழிபாட்டுப் பொருளை, போலீஸின் பெயரைச் சொல்லிப் பயமுறுத்தி அவர்கள் எடுத்துச் சென்றார்கள். கோஷ்டியின் காரியதரிசியான மிஷெல் லேரிஸ் என்ற எழுத்தாளர் அந்நிகழ்ச்சியை மறைக்காமல் தம் தினக்குறிப்பில் எழுதி, 1934-ல் புத்தகமாகவும் வெளியிட்டார். திருடியவர்களின் கையாலேயே எழுதப்பட்ட சாட்சியம் என்பதனால் அது இன்று பெரிதும் மேற்கோள் காட்டப்படுகிறது.

பாவைத் தலைகளின் விஷயம் சற்று வேறு. கோனோ போன்ற சங்கங்களின் பொருள்கள் தெய்வ சம்பந்தமானவை; அந்நியர் கண்ணில் படக்கூடாதவை. பாவைகளோ விளையாட்டைச் சேர்ந்தவை. ஆகவே இவற்றை விலைக்குக் கொடுப்பதில் பாவம் இல்லை என்பது பொதுவான எண்ணம். உடைந்துபோன, காலம் கடந்த தலைகளை வியாபாரிகள் வாங்கிச் செல்கிறார்கள்.

இங்கேதான் ஒரு வேடிக்கை. கிராமத்தில் ஒவ்வொரு பருவமும் தலைக்குப் புது வர்ணம் பூசுகிறார்கள். புதியதாக இருப்பதே அதற்குப் பெருமை. வெளிநாட்டுச் சேகரிப்பாளருக்கோ புது வர்ணம் பிடிப்பதில்லை. பழையதாக, கறுத்ததாக, தேய்ந்ததாக இருக்க வேண்டும். ஆகையால் வியாபாரி என்ன செய்கிறான்? நல்ல வர்ணத்தைச் சுரண்டிவிடுகிறான். புதிய தலையைப் புகையில் காட்டி, மண்ணில் புதைத்து எடுத்து, 'இருநூறு வருஷத்துப் பழமை' என்று விற்கிறான். பமாக்கோவில் பெரிய மசூதியின் அருகே கைவினைஞர்களின் அங்காடி இருக்கிறது. நேர்மையான தொழிலாளிகள் பலர் அங்கே கண்முன்னே செய்து விற்கிறார்கள். ஆனால் நகரத்தில் வேறோர் இடத்தில் ஒரு வியாபாரி நம்மைத் தனி அறைக்கு அழைத்துச் சென்று, துணியை விலக்கி, ஒரு மான் தலையைக் காட்டினான். மிக அழகான தலை. கொம்புகளின் வளைவிலே ஒரு கர்வம் இருந்தது. காதின் மடிப்பில் மட்டும் சிறிது நீல வர்ணம் மிச்சம் இருந்தது. கையில் பணம் இருந்தது; ஆசையும் இருந்தது. "ஸெகுவுக்குப் போய்த் திரும்பும்போது சொல்கிறோம்," என்று விடைபெற்று வந்தோம்.

பெரியவர் சொன்ன நியாயம்

கூத்துக்கு மறுநாள் அந்தக் கிராமத்துப் பெரியவர் ஒருவரின் வீட்டில் தேநீர் அருந்திக்கொண்டிருந்தோம். அங்கே தேநீர் மூன்று முறை தருகிறார்கள். முதல் கோப்பை கசப்பு, மூன்றாவது இனிப்பு. மூன்றாவது வரை பொறுத்திருந்துவிட்டு, நகரத்தில் கண்ட தலையைப் பற்றிச் சொல்லி, "பெரியவரே, வாங்கலாமா?" என்று கேட்டோம்.

"அதன் பெயர் என்ன?" என்று அவர் கேட்டார்.

"பெயரா? மான் என்றான்."

"மான் என்பது இனம். பெயரைக் கேட்டீர்களா? எந்த ஊர் என்று கேட்டீர்களா? அதன் பாட்டை அவனுக்குப் பாடத் தெரியுமா?"

நமக்குத் தெரியவில்லை. பெரியவர் சொன்னார்: "சங்கம் கூடிச் சம்மதித்து விற்ற தலையானால், வாங்கியவனுக்கு ஊரும் பெயரும் தெரியும், நாங்களே சொல்லி அனுப்புவோம். தெரியவில்லை என்றால் இரண்டில் ஒன்று. போன மாதம் செய்ததாக இருக்கும். அல்லது இரவிலே எடுத்துக்கொண்டு போனதாக இருக்கும்."

"விற்றுவிட்டால் உங்களுக்கு நஷ்டம் இல்லையா?" என்று கேட்டோம்.

"மரம் போனால் கொல்லர் வேறு செய்து கொடுப்பார். பெயரும் பாட்டும் எங்களிடம் இருக்கின்றன. நேற்று நீங்கள் பார்த்த எருமைக்கு இது நாலாவது தலையோ ஐந்தாவது தலையோ. ஆனால் உள்ளே புகுந்து ஆட வேண்டிய பிள்ளைகள் பமாக்கோவுக்கும் ஐவரி கோஸ்டுக்கும் பிழைக்கப் போய்விடுகிறார்கள். அறுவடைக்கு வருகிறேன் என்கிறார்கள், வருவதில்லை. பிள்ளைகளை எந்தக் கொல்லர் செய்து கொடுப்பார்?" என்று சொல்லிவிட்டு, அவர் காலிக் கோப்பையை வாங்கிக்கொண்டார்.

அதற்கு நம்மிடம் பதில் இல்லை. பமாக்கோ வியாபாரியின் மான் தலையை நாம் வாங்கவில்லை. ஸெகுவுக்குத் திரும்பி, கொல்லரிடம் சென்று, ஒரு சிறு பாவை வேண்டும் என்று கேட்டோம். "சுவருக்கா, ஆட்டத்துக்கா?" என்று இந்த முறை அவர் நம்மைக் கேட்டார். "ஆட்டத்துக்கே செய்யுங்கள்," என்றோம். கம்பு குத்தும் பெண் ஒருத்தியை நான்கு நாளில் செய்து கொடுத்தார். கோலை அசைத்தால் உலக்கை ஏறி இறங்கும். சிவப்பு முண்டு, மஞ்சள் ரவிக்கை. வர்ணம் இன்னும் ஈரம் காயவில்லை. ஊரும், செய்தவரும், தேதியும், கொடுத்த விலையும் ஒரு காகிதத்தில் எழுதி வைத்துக்கொண்டோம். வயதில் அது ஒரு வாரக் குழந்தை. பழமை விரும்பும் எந்தச் சேகரிப்பாளரும் அதை ஏறெடுத்துப் பாரார். ஆயினும் யாரிடமிருந்தும் பறித்ததல்ல என்ற திருப்தி அதைப் பார்க்கும்போதெல்லாம் உண்டாகிறது.

பின்னர் நடந்தவை

நாம் திரும்பிய பதினாறு மாதங்களுக்கெல்லாம் மாலிக்குத் துன்ப காலம் வந்தது. 2012 மார்ச் மாதத்தில் ராணுவப் புரட்சி. வட பாகம் ஆயுதக் கூட்டங்களின் கையில் சிக்கியது. அதே வருஷத்தில் திம்பக்து நகரின் பழைய சமாதிகள் இடிக்கப்பட்டன. 2013 ஜனவரியில் ஸெகு மாகாணத்தின் தியாபாலி வரை யுத்தம் வந்துவிட்டது. யாத்திரிகர் வரவு அடியோடு குறைந்தது. யாத்திரிகர் வாங்குவதை நம்பியிருந்த தொழிலாளிகளின் பாடு சொல்லும் தரமன்று.

ஆனால் அந்தத் துன்பத்தின் நடுவிலே ஒரு நற்செய்தியும் வந்தது. 2014-ல் மர்க்காலாவின் முகமூடிகளும் பாவைகளும் வெளிவரும் விழாவை யுனெஸ்கோ ஸ்தாபனம் மனித குலத்தின் கலாசாரச் செல்வங்களின் பட்டியலில் சேர்த்தது. மரத் தலைகளை அல்ல, அவை வெளிவரும் விழாவையே பட்டியலில் சேர்த்தார்கள் என்பதை நேயர்கள் கவனிக்க வேண்டும். கிராமத்துப் பெரியவர் தேநீரோடு நமக்குச் சொன்னதும் அதுதான்.

பிதோன் கூலிபாலியின் வம்சத்தில் வந்த யாயா கூலிபாலி என்ற கலைஞர் 1980-ல் பமாக்கோவில் 'ஸோகோலோன்' என்னும் பாவைக் கூத்துச் சபையை நிறுவினார். தம் முன்னோர் வழியாக வந்த பாவைகளையும், பிற இடங்களில் சேகரித்தவற்றையும், ஆயிரக்கணக்கில் அவர் காப்பாற்றி வருகிறார். 2004-ல் தென் ஆப்பிரிக்காவின் ஹாண்ட்ஸ்பிரிங் சபையாருடன் சேர்ந்து, எகிப்து அதிபர் பிரான்ஸ் அரசனுக்குப் பரிசாக அனுப்பிய ஓர் ஒட்டைச்சிவிங்கியின் கதையைப் பாவைக் கூத்தாக நடத்தினார். சேகரிப்பவர் என்ற பெயருக்கு அவரே பொருத்தமானவர் என்று நமக்குத் தோன்றுகிறது. அவர் சேர்த்த பாவைகள் ஓய்ந்து கிடப்பதில்லை, மேடை ஏறுகின்றன.

இக்காலத்தில் பழைய பொருள்களைத் திருப்பித் தர வேண்டும் என்ற குரல் பிரான்ஸிலேயே எழுந்திருக்கிறது. 2018-ல் அந்நாட்டு அரசாங்கத்துக்காக எழுதப்பட்ட ஓர் அறிக்கை அதை வற்புறுத்தியது. 2021-ல் பெனின் தேசத்துக்கு 26 பொக்கிஷங்கள் திரும்பிச் சென்றன. மாலியின் பொருள்களுக்கும் அந்த நாள் வரட்டும்.

பிற நாட்டுக் கலைப் பொருளை வீட்டில் வைத்துக்கொள்ள ஆசைப்படுவதில் தவறில்லை. அந்த ஆசையே ஒரு மரியாதை. ஆனால் வாங்குமுன் மூன்று கேள்விகளைக் கேட்க வேண்டும். இதன் பெயர் என்ன? இதன் ஊர் எது? இதை விற்கச் சம்மதித்தவர் யார்? விடை கிடைக்காவிட்டால் எவ்வளவு அழகாக இருந்தாலும் அதை விட்டு வருவதே நலம். விடை கிடைத்தால் விலைச் சீட்டையும், தேசத்தைவிட்டுக் கொண்டுபோவதற்கான அனுமதிச் சீட்டையும் பெற்றுக்கொள்ள வேண்டும். எல்லாவற்றையும்விட நல்லது, வாழ்ந்துகொண்டிருக்கும் தொழிலாளியிடம் புதியதாகச் செய்யச் சொல்லி, அவர் கேட்கும் விலையைக் கொடுப்பது. அப்படிக் கொடுக்கும் பணம் பட்டறையில் துருத்தி ஊதும் சிறுவனை ஊரிலேயே நிறுத்தி வைக்கும். அறுவடைக்குப் பின் எருமையின் உடம்புக்குள் புகுந்து ஆட அப்போது ஓர் ஆள் குறையாது.